வளைகுடாவில் வாழும் எம்மவர் பிள்ளை தத்தெடுப்பது: மதமும் சட்டமும் பத்திரங்களும்

பிள்ளை எடுத்து வளர்ப்பது எங்கள் சமூகத்துக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்திலேயே தத்துக்கு இடம் இருந்தது. பிள்ளை இல்லாத தம்பதியர் தமது உரித்தாளிகளின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சாட்சிகள் முன்னிலையில் மஞ்சள் தண்ணீர் குடிக்க வேண்டும். அதன் பிறகு அந்தப் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. சடங்கு, சொத்து, சாட்சி மூன்றும் ஒரே இடத்தில் முடிந்துவிட்டன.

இன்று இந்த மூன்றும் மூன்று நாடுகளில் பிரிந்து கிடக்கின்றன. பிள்ளை பிறந்தது யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருக்கலாம். எடுக்க விரும்புகிற தம்பதியர் துபாயிலோ தோகாவிலோ வேலை செய்வார்கள். சொத்துக்கு உரித்துள்ள சகோதரர்கள் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருப்பார்கள். கோயிலில் நேர்த்தி வைத்துவிட்டு, நல்ல மனத்துடன் பிள்ளையைக் கூட்டிவரப் புறப்படுகிற குடும்பம் விமான நிலையத்தில்தான் சட்டத்தைச் சந்திக்கிறது. நான் தொழிலால் கணக்காளன், சட்டத்தரணி அல்ல. ஆனால் எம்மவர் பலருக்குப் பத்திரங்களை அடுக்கிக் கொடுத்த பழக்கத்தில், இந்த விடயத்தில் ஒரு குடும்பம் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுக்கிறேன்.

வளைகுடாச் சட்டம் தத்தை எப்படிப் பார்க்கிறது

இஸ்லாமியச் சட்டத்தில் நாம் நினைக்கிற தத்து இல்லை. குர்ஆனின் 33ஆம் அத்தியாயம், 4ஆம் 5ஆம் வசனங்கள் வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற பிள்ளையாகக் கருதாமல் அதன் சொந்தத் தந்தையின் பெயராலேயே அழைக்கச் சொல்கின்றன. அதனால் வளர்ப்புப் பெற்றோரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதோ, பெற்ற பிள்ளையைப் போல் அது தானாகவே சொத்துரிமை பெறுவதோ இல்லை. அநாதைப் பிள்ளையை வளர்ப்பதோ பெரிய புண்ணியமாகப் போற்றப்படுகிறது. நபிகளே தந்தையை இழந்து பிறந்து, உறவினர் வீட்டில் வளர்ந்தவர்.

இந்தப் பொறுப்பேற்பின் பெயர் கஃபாலா. வளைகுடாவில் வேலை செய்த எவருக்கும் இந்தச் சொல் தெரியும். எங்கள் விசாவுக்குப் பொறுப்பாக இருக்கும் கஃபீல் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். வேலைக்காரருக்கு அது சுமையாக மாறியிருக்கலாம். பிள்ளைக்கு அது பாதுகாப்பு. 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயமும் 20ஆம் உறுப்புரையில் கஃபாலாவைப் பெயர் சொல்லி ஏற்றிருக்கிறது. முஸ்லிம் நாடுகள் எல்லாம் ஒரே மாதிரி என்றும் இல்லை. துனிசியா 1958இலேயே முழுத் தத்தைச் சட்டமாக்கியது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் பெற்றோர் தெரியாத பிள்ளைகள் பற்றி 2012இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அது வந்தபோது இருந்த வடிவின்படி அப்பிள்ளைகள் வளர்க்கக் கொடுக்கப்பட்டது அமீரகக் குடியுரிமையுள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கே. பிற்காலத்தில் இந்தச் சட்டம் திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. எனவே அன்றைய நிலையை அங்குள்ள சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அடிப்படை மாறவில்லை. அங்கே கொடுக்கப்படுவது பராமரிப்புப் பொறுப்பு. ஆகவே வளைகுடாவில் வாழும் சைவக் குடும்பமோ கிறிஸ்தவக் குடும்பமோ பிள்ளை எடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே, அதாவது தாய்நாட்டுக்கே போக வேண்டியிருக்கிறது.

கட்டாரில் நடந்த வழக்கு

தத்து என்ற பழக்கமே இல்லாத இடத்தில் தத்துப் பிள்ளையோடு வாழ்வது எவ்வளவு ஆபத்தாக மாறலாம் என்பதற்கு மத்தியூ, கிரேஸ் ஹுவாங் தம்பதியரின் வழக்கு சாட்சி. ஆசிய வம்சாவளி அமெரிக்கர்களான இவர்கள் ஆபிரிக்காவில் பிறந்த மூன்று பிள்ளைகளைத் தத்தெடுத்தவர்கள். பொறியியலாளரான கணவரின் வேலைக்காக 2012இல் தோகாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 2013 ஜனவரியில் கானாவில் பிறந்த எட்டு வயது மகள் திடீரென இறந்தாள். பெற்றோர் கைதானார்கள். பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்பது குற்றச்சாட்டு. தங்கள் சாயலே இல்லாத பிள்ளைகளைக் காசு செலவழித்து ஏன் வளர்க்க வேண்டும் என்ற சந்தேகம் விசாரணை முழுவதும் நிழலாக நின்றது. ஆட்கடத்தல் என்றுகூட எண்ணப்பட்டது.

அவர்கள் ஏறத்தாழ 11 மாதம் சிறையில் இருந்தார்கள். 2014 மார்ச்சில் மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2014 நவம்பர் 30 அன்று மேன்முறையீட்டு நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. அன்றும் விமான நிலையத்தில் தடுக்கப்பட்டு, டிசம்பர் 3 அன்றுதான் நாட்டை விட்டுப் போனார்கள். மகளை இழந்த பெற்றோர் துக்கம் காக்க முடியாமல் இரண்டு ஆண்டுகள் தங்களை நிரூபிக்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் கடவுச்சீட்டும், உலகச் செய்தி நிறுவனங்களின் கவனமும், வல்லரசு ஒன்றின் தூதரகமும் இருந்தவர்களுக்கே இந்த நிலை. நாதியற்ற எங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன மதிப்பு என்பதை வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

துபாயில் சந்தித்துக் கூட்டிப்போகலாமா

அகதி அந்தஸ்துப் பெற்ற பலர் இலங்கைக்குத் திரும்ப முடியாது. அகதிப் பயணப் பத்திரம் தாய்நாட்டுக்குச் செல்லுபடியாகாது. போனால் அந்தஸ்தே கேள்விக்குள்ளாகும். அதனால் ஊரிலிருக்கும் உறவுகளை மூன்றாவது நாடொன்றில் சந்திப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. துபாயும் அப்படியான ஒரு சந்திப்பிடம். ‘அக்காவின் பிள்ளையைத் துபாய்க்குக் கொண்டுவரச் சொல்லி, அங்கிருந்து எங்களோடு கூட்டிக்கொண்டு போகலாமே’ என்ற யோசனை குடும்பங்களுக்குள் எழுவது இயல்பு.

இதைச் செய்யக் கூடாது. நாடுகளுக்கிடையிலான தத்தை ஒழுங்குபடுத்துவது 1993ஆம் ஆண்டின் ஹேக் தத்து உடன்படிக்கை. இலங்கையில் அது 1995இலும் இந்தியாவில் 2003இலும் நடைமுறைக்கு வந்தது. கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, பிரித்தானியா எல்லாம் அதில் உள்ளன. அமீரகம், சவூதி, கட்டார், குவைத், பஹ்ரெய்ன், ஓமான் ஆகிய ஆறு நாடுகளும் அதில் இல்லை. உடன்படிக்கை பார்ப்பது கடவுச்சீட்டின் நிறத்தை அல்ல, நீங்களும் பிள்ளையும் வழமையாக வதியும் நாட்டை. கனடாவில் வதிபவர் கனடாவின் மத்திய அதிகார அமைப்பு வழியாகத் தொடங்கி, பிள்ளை வதியும் இலங்கையின் அமைப்பு வழியாக முடிக்க வேண்டும். இடையில் துபாய்க்கு வேலை இல்லை. அங்கே கைமாறும் பிள்ளைக்குத் தத்துக் கட்டளை கிடைக்காது. கனடா விசாவும் கிடைக்காது. அமீரகத்துக்கு 2006இலிருந்து ஆட்கடத்தலுக்கு எதிரான சட்டம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு பொறியும் உண்டு. வளைகுடாவில் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன எங்கள் பெண்களுள் சிலர் திருமணம் இன்றித் தாயாகிறார்கள். அமீரகம் 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையாகும் குற்றவியல் சட்டத்தில் இதைத் தளர்த்தி, பெற்றோர் திருமணம் செய்தோ பிள்ளையை ஏற்றோ பதிவு செய்ய வழி விட்டது. ஏனைய நாடுகளில் தாய் இன்னும் சிறைக்குப் பயந்தே இருக்கிறாள். அப்படியான குழந்தையை ‘நீங்களே வளருங்கள்’ என்று யாரும் கையில் தந்தால், கருணையால் வாங்கினாலும் சட்டத்தின் கண்ணில் அது வேறு. தாயையும் பிள்ளையையும் அவர்களுடைய தூதரகத்துடன் தொடர்புபடுத்துவதே செய்யக்கூடிய உதவி.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு

இந்தியாவில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம். இது இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கு மட்டும். மகன் இருக்கும் வீடு இன்னொரு மகனை எடுக்க முடியாது. மகள் இருந்தால் இன்னொரு மகளை எடுக்க முடியாது. மற்றது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். இது எந்த மதத்தவருக்கும் பொது. மதம் எதுவானாலும் விரும்பியவர் பொதுச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்பதை ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 பெப்ரவரியில் உறுதிசெய்தது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் முன்பு 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாவலர் மட்டுமே ஆக முடிந்தது.

இரண்டு பாதைக்கும் வெளிநாட்டில் வதிபவர் மத்திய தத்தெடுப்பு ஆதார அமைப்பான ‘காரா’வைத் தாண்டிப் போக முடியாது. இந்துச் சட்டப்படி உறவினர் பிள்ளையை எடுத்து, சார்பதிவாளரிடம் பத்திரம் பதிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அது போதாது; காராவின் ஆவணம் வேண்டும். 2021இல் இதற்கென விதிகள் சேர்க்கப்பட்டன. வளைகுடாவில் வதியும் இந்தியக் குடிமக்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுகலாம். தத்துக் கட்டளை வழங்கும் அதிகாரம் 2022 செப்டெம்பரிலிருந்து நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாறியுள்ளது.

இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு

இலங்கையில் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படை. விண்ணப்பிப்பவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும். பிள்ளையை விட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். பத்து வயது தாண்டிய பிள்ளையின் சம்மதமும் வேண்டும். கட்டளை இடுவது நீதிமன்றம். விசாரித்து அறிக்கை தருவது நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம். வளைகுடாவில் வதிவதை மறைத்து, ஊர் முகவரியைக் கொடுத்து, உள்ளூர்த் தம்பதியர்போல் விண்ணப்பிக்கச் சொல்லும் தரகர்கள் உண்டு. அப்படிப் பெற்ற கட்டளை பின்னாளில் விசாவிலும் குடியுரிமையிலும் உடையும். வதிவிடத்தை முதல் நாளே திணைக்களத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

இந்த இறுக்கம் காரணம் இல்லாமல் வந்ததல்ல. 1970களிலிருந்து 1990கள் வரை இலங்கையிலிருந்து ஏறத்தாழ 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக்குப் போனதாக மதிப்பிடப்படுகிறது. அவற்றுள் பல காசுக்கு விற்கப்பட்டவை, பல போலிப் பத்திரத்தில் போனவை. நீதிமன்றத்தில் தாயாக நடிக்கக் கூலிக்குப் பெண்கள் நிறுத்தப்பட்டார்கள். ‘குழந்தைப் பண்ணைகள்’ இருந்ததை 2017இல் இலங்கை அமைச்சர் ஒருவரே ஒப்புக்கொண்டார். சுவிற்சர்லாந்து அரசு தனது அதிகாரிகளின் தவறை 2020இல் ஏற்று வருத்தம் தெரிவித்தது.

காசு

என் தொழில் சார்ந்து சொல்ல வேண்டியது இது. ஹேக் உடன்படிக்கையின் 32ஆம் உறுப்புரைப்படி தத்தில் எவரும் முறையற்ற இலாபம் பெறக் கூடாது. செலவுகளும் நியாயமான தொழில் கட்டணமும் மட்டுமே கொடுக்கலாம். 4ஆம் உறுப்புரைப்படி தாயின் சம்மதம் பிள்ளை பிறந்த பிறகே பெறப்பட வேண்டும். காசு கொடுத்துப் பெறப்பட்டதாக இருக்கக் கூடாது. எனவே ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு, திகதி, பெற்றவர் பெயர் வேண்டும். உண்டியல் வழியாகக் காசு அனுப்பக் கூடாது. வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். பெற்ற தாய் ஏழை உறவினராக இருந்து அவருக்கு உதவ விரும்பினாலும், தத்து நடவடிக்கை நடக்கும் காலத்தில் அந்தக் காசு விலையாகவே வாசிக்கப்படும். பற்றுச்சீட்டுத் தர மறுப்பவரிடம் பிள்ளை பற்றிப் பேசவே வேண்டாம்.

பிள்ளை வந்த பிறகு

தத்துக் கட்டளை, புதிய பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் தாய்நாட்டு வெளிநாட்டு அமைச்சிலும், போகும் நாட்டின் தூதரகத்திலும் அத்தாட்சிப்படுத்தி, சட்டபூர்வ அரபு மொழிபெயர்ப்புடன் வைத்திருங்கள். பிள்ளையின் மருத்துவப் பதிவுகளையும் சேர்த்து வையுங்கள். ஹுவாங் வழக்கில் பிள்ளையின் உடல்நிலையும் உணவுப் பழக்கமுமே வாதத்தின் மையமாக இருந்தன.

மரண சாசனம் எழுதுங்கள். வளைகுடாவில் குடும்பத் தலைவர் இறந்தால் வங்கிக் கணக்குகள் முடக்கப்படுவது வழக்கம். இஸ்லாமிய வாரிசு முறையில் வளர்ப்புப் பிள்ளைக்குத் தானாகப் பங்கு இல்லை. சாசனத்தால் மூன்றில் ஒரு பங்கு வரை கொடுக்கலாம். முஸ்லிம் அல்லாதோர் தமது சொத்தையும் பிள்ளையின் பாதுகாவலரையும் குறித்துச் சாசனம் பதிய, துபாய் சர்வதேச நிதி மையத்தில் 2015இலிருந்து வசதி உண்டு. பெற்றோர் இருவரும் ஒரே விபத்தில் போனால் பிள்ளை யாரிடம் போகும் என்பதை அதில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக, எல்லாப் பத்திரங்களிலும் ஒரு பிரதியைப் பிள்ளைக்கென்றே தனியாக வையுங்கள். தாயின் பெயர், ஊர், வழக்கிலக்கம், திகதி எல்லாம் அதில் உண்மையாக இருக்கட்டும். ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் இன்று நாற்பது வயதில் இலங்கைக்கு வந்து தாயைத் தேடுகிறார்கள். பலருடைய பத்திரத்தில் இருக்கும் பெயருக்குரிய பெண் அவர்களைப் பெற்றவள் அல்ல. எங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு அந்த நிலை வரக் கூடாது.