பாலிபுரொப்பிலீனும் பெரியம்மாவும்

மலருக்கு ஒரு கட்டுரை கேட்ட சங்கச் செயலாளர், நான் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். சாம்பாரை வேறு நாலு பேர் கவனித்துக்கொள்வார்கள். நான் எழுதப்போவது பெண்களின் இடுப்புத்தளக் கோளாறுகள் பற்றி. மெக்கானிக்கல்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது.

என் பெரியம்மாவுக்கு 'அடி இறங்கியிருந்தது'. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) பிரசவத்தாலும் வயதாலும் இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்து, கருப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே சரிவது. இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவதும் இதே குடும்பம்தான். பத்து வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. பஸ் ஏறமாட்டார், கல்யாணங்களுக்கு வரமாட்டார். 'அவங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம்' என்று நாங்கள் பேசிக்கொண்டோம். கடைசியில் டாக்டரிடம் போனபோது, "ஆபரேஷன் பண்ணலாம், வலை வெச்சும் தைக்கலாம், யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். என்ன வலை சார் என்றேன். பாலிபுரொப்பிலீன். நாற்காலியும் சாக்கும் செய்கிற அதே பிளாஸ்டிக்! அதை யார் டெஸ்ட் செய்தார்கள் என்று தேடப்போய்க் கிடைத்த சரித்திரம் இது.

ஆரம்பம் நன்றாகவே இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஆர்னால்ட் கெகல் என்ற டாக்டர் 1948-ல், அந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை வெளியிட்டார். கூடவே தசையின் பிடிப்பை அளக்க ஒரு பிரஷர் கேஜும் செய்தார். நம்ம ஆள்! ஆனால் உறுப்பு எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று உலகம் முழுக்க ஒரே முறையில் அளக்க 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1996-ல் ஸ்வீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டென், சிறுநீர்க் கசிவை நிறுத்த, சிறுநீர்க் குழாய்க்கு அடியில் தொட்டில்போல ஒரு பாலிபுரொப்பிலீன் நாடாவைச் செருகும் முறையை வெளியிட்டார். 2002-ல் 344 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பழைய ஆபரேஷனோடு ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு வந்தது. குறுகிய காலத்தில் நாடா அதற்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. ஆனால் அமெரிக்காவில் அது 1998-லேயே சந்தைக்கு வந்துவிட்டது.

எப்படி? அமெரிக்காவில் 1976-ல் வந்த மருத்துவக் கருவிச் சட்டத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. ஏற்கெனவே விற்பனையில் உள்ள ஒன்றுக்கு இது 'கணிசமாகச் சமம்' என்று காட்டினால் போதும். பெரும்பாலும் நோயாளிகளிடம் புதிதாகச் சோதிக்க வேண்டியதில்லை. உல்ம்ஸ்டென் நாடா சமம் காட்டியது புரோட்டிஜென் என்ற நாடாவுக்கு. அது பாலியெஸ்டர் நெசவு, மேலே மாட்டுக் கொலாஜன். இது பாலிபுரொப்பிலீன் பின்னல். வைவாவில் இரண்டும் சமம் என்று சொல்லியிருந்தால் நம் மெட்டீரியல்ஸ் சார் வெளியே அனுப்பியிருப்பார். 1999 ஜனவரியில் புரோட்டிஜென் திசுவை அரிக்கிறது என்று திரும்பப் பெறப்பட்டது. அதைக் காட்டி உள்ளே வந்தவை அப்படியே இருந்தன. தாத்தாவின் பத்திரம் செல்லாது, பேரனின் பட்டா செல்லும்.

இதே வழியில் 2002-ல், உறுப்பு இறக்கத்துக்கென்றே பெரிய வலை அனுமதி பெற்றது. சில வருடங்களில் வலையும் ஊசியுமாகக் 'கிட்' வடிவில் வந்து குவிந்தன. நாடா விரல் அகலம். வலை அதைவிடப் பலமடங்கு. யூ.டி.எம்.-மில் மாட்டி இழுத்தால் பாலிபுரொப்பிலீன் பிரமாதமாகத் தாங்கும். ஆனால் இழுக்கும்போது பின்னலின் கண்கள் மூடிக்கொள்ளும். கண் மூடினால் திசு ஊடே வளராது, தழும்புதான் கட்டும். அது சுருங்கினால் வலி. லேபில் நாம் மாதிரியை ஒருமுறை இழுத்து, உடைத்து, கிராஃப் போட்டு, மார்க் வாங்கிப் போனோம். உடம்பில் இழுப்பு வருஷக்கணக்கில்.

2004-ல், பாலிபுரொப்பிலீன் தயாரித்த ஓர் அமெரிக்க நிறுவனம், தன் பாதுகாப்புத் தாளிலேயே இதை மனித உடலுக்குள் நிரந்தரமாகப் பதிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. டேட்டா ஷீட்டைப் படிக்காத எஞ்சினியர்களை நானும் பார்த்திருக்கிறேன். அதுவும் தெரிந்தேதான் வாங்கினார்கள் என்று பின்னால் வழக்குகளில் பேசப்பட்டது.

2008 முதல் 2010 வரை மட்டும் நாடா, வலை இரண்டுக்குமாக அமெரிக்க அரசுக்கு வந்த புகார்கள் 2,874. ஒரு முக்கியமான சோதனை 2017-ல் அச்சில் வந்தது. பிரிட்டனின் 35 மருத்துவமனைகளில் நடந்தது. இரண்டு வருடம் கழித்து, வலை வைத்த பெண்களுக்கு நிவாரணம் கூடவில்லை. பிளாஸ்டிக் வலை பெற்றவர்களில் 12 சதவீதத்தினருக்கு வலையாலேயே சிக்கல். 2019 ஏப்ரலில், இறக்கத்துக்காக யோனி வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்கா நிறுத்தியது. கசிவுக்கான நாடாவுக்கும், வயிற்று வழியாக வைக்கும் வலைக்கும் அந்த உத்தரவு பொருந்தாது. இங்கிலாந்து 2018-லேயே நாடாவையும் சேர்த்து நிறுத்திவைத்திருந்தது. 2020-ல் கம்பர்லெஜ் அம்மையார் தந்த அறிக்கையில் என்னை உலுக்கியது, வலி என்று வந்த பெண்களிடம் 'இதெல்லாம் பெண்களுக்குச் சகஜம்' என்று சொல்லி அனுப்பியதுதான். 'தலைக்கனம்' ஞாபகம் வந்தது.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போனேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "இவங்களுக்கு இறக்கம் அதிகமில்லை, முதலில் பயிற்சி பார்ப்போம்" என்றார். அதற்கும் ஆதாரம் கேட்டேன் (விடுவேனா?): 2014-ல் வெளியான, 447 பெண்களிடம் நடத்திய ஆய்வைச் சொன்னார். இறக்கத்தின் தொல்லைகள் பயிற்சியால் குறைந்திருந்தன.

பெரியம்மா ஐந்து மாதம் பிசியோதெரபிஸ்டிடம் போனார். முழுசாகச் சரியாகவில்லை, குறைந்திருக்கிறது. என் மகள் காதுகுத்துக்கு மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தார், ஜன்னல் சீட்டில்.