கோச்சி வந்த காங்கேசன்துறை

பருத்தித்துறையாராகிய எமக்குக் கோச்சி சொந்தமன்று. வடமராட்சிக்கு இருப்புப்பாதை வந்ததே இல்லை. கொழும்புக்குப் புறப்பட்ட எம் பெரியோர் பெட்டி படுக்கையுடன் கொடிகாமம் சென்றே வண்டியேறினர். அதனால் பாதையின் முடிவிடமாகிய காங்கேசன்துறை மீது எமக்குச் சிறிது பொறாமை இருந்ததுண்டு. அவ்வூர் அடைந்த கதியையே இங்கு எழுதப் புகுந்தேன்.

காங்கேசன்துறை பழந்துறை. மாவிட்டபுரத்து முருகன் திருவுருவம் வந்திறங்கியமையால் காங்கேயன் பெயரே ஊருக்கு வழங்கலாயிற்று என்பது ஐதிகம். ஆயினும் அதனை நகரமாக்கியது தண்டவாளமே. 1900 ஆகஸ்டில் வேலை தொடங்கி, 1902 மார்ச் 11இல் சாவகச்சேரி வரை 21 மைல் பாதை திறக்கப்பட்டது. வேடிக்கை என்னவெனில், அன்று அப்பாதை கொழும்புடன் தொடர்பின்றித் தனித்துக் கிடந்தது! தெற்கிலிருந்து வந்த பாதை 1904 நவம்பரிலேதான் அனுராதபுரத்தை எட்டிற்று. 1905 ஆகஸ்ட் 1ஆந் தேதி இரண்டும் ஒன்றாயின. மாட்டுவண்டியிலும் தோணியிலும் பல நாள் கழிந்த பிரயாணம் ஒரு நாளுக்குள் அடங்கிற்று. ஆங்கிலப் பள்ளிகள் ஆயத்தஞ்செய்த எம்மவரை உத்தியோகத்துக்கு ஏற்றிச் சென்றது இவ்வண்டியே.

1950இல் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. சுண்ணாம்புக்கல் காலடியிலேயே கிடைத்தது; களிமண் முருங்கனிலிருந்து வந்தது; சீமெந்து வண்டியேறித் தெற்கே போயிற்று. 1956 ஏப்ரலில் யாழ்தேவியும் ஓடத் தொடங்கினாள். துறைமுகம், ஆலை, புகையிரதம் மூன்றும் ஓரிடத்தில் அமைந்த ஊர் குடாநாட்டில் வேறில்லை.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. வடக்கு நோக்கிய வண்டி வவுனியாவுடன் நின்றது. ஊரவர் உடுத்த துணியுடன் வெளியேறினர், ஆலை ஓய்ந்தது, ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. குடாநாட்டுத் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின.

இந்தியாவின் உதவியுடன் பாதை மீண்டும் இடப்பட்டது. 2014 அக்டோபர் 13இல் வண்டி யாழ்ப்பாணம் சேர்ந்தது. 2015 சனவரி 2இல் காங்கேசன்துறையையும் எட்டிற்று. நிலையம் புதிதாய்ப் பொலிந்தது. ஆனால் அதனைச் சூழ்ந்த காணிகளுட் பல அன்றும் முள்வேலிக்குள்ளேயே இருந்தன. முன்னொரு கால் வண்டியைத் தொடர்ந்து சனங்கள் வந்தனர். இம்முறை வண்டி வந்தபோது, அதில் ஏறவேண்டிய ஊரவர் பலர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருபத்தைந்தாவது ஆண்டைக் கழித்துக்கொண்டிருந்தனர். காணிகள் அதன் பின்னரும் சிறிது சிறிதாகவே விடப்பட்டன.