இசை மென்பொருளும் டாங்கிள் பூட்டும்

கியூபேஸ் என்பது ஜெர்மனியின் ஹம்பர்க் நகரைச் சேர்ந்த ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட இசை உருவாக்க மென்பொருள் ஆகும். இசை மென்பொருள் உலகில் திருட்டுப் பிரதிக்கும் நகல் தடுப்புக்கும் நடந்த போராட்டத்தை இதன் வரலாற்றைக் கொண்டே பெருமளவு விளங்கிக்கொள்ளலாம்.

1985-இல் விற்பனைக்கு வந்த அட்டாரி எஸ்டி கணினியில் மிடி இணைப்புத் துளைகள் முன்கூட்டியே இருந்தன. மின்னிசைக் கருவிகளை நேரே இணைக்க முடிந்ததால் இசைக்கலைஞர்கள் அதை விரும்பினர். ஆனால் மென்பொருள் வந்ததோ பிளாப்பி வட்டில். வட்டைப் படியெடுக்கச் சில நிமிடங்கள் போதும். எனவே கணினியின் பக்கவாட்டிலிருந்த கார்ட்ரிட்ஜ் துளையில் செருகும் சிறு சாவியையும் நிறுவனம் சேர்த்து விற்றது. இதுவே டாங்கிள். அதே நகரின் போட்டி நிறுவனமான சி-லேப்பும் இம்முறையையே கையாண்டது.

இது செயல்படும் முறை எளிது. இயங்கும்போதே மென்பொருள் சாவியிடம் அவ்வப்போது கேள்வி கேட்கும். சரியான விடை வராவிட்டால் நின்றுவிடும். தேர்வறையில் அடிக்கடி வந்து நுழைவுச்சீட்டைக் கேட்கும் கண்காணிப்பாளரைப் போல என்று மாணவர்கள் நினைத்துக்கொள்ளலாம். இதன் பலவீனமும் இங்கேதான் உள்ளது. கேள்வி கேட்கும் பகுதி மென்பொருளுக்குள் இருக்கிறது. மென்பொருளோ வாங்கியவர் கையில் இருக்கிறது. கணினிக் கட்டளைகளைப் படிக்கத் தெரிந்தவர் அந்தக் கேள்வியையே நீக்கிவிடலாம், அல்லது சாவியைப் போல விடை சொல்லும் வேறொரு நிரலை எழுதிவிடலாம்.

2002-இல் வந்த கியூபேஸ் எஸ்எக்ஸ் யுஎஸ்பி சாவியைப் பயன்படுத்தியது. ஆயினும் எஸ்எக்ஸ் 3 பதிப்பின் பூட்டை எச்2ஓ என்ற குழு உடைத்தது. பிரதிகள் இணையத்தில் பரவின. பிறர் உழைப்பை விலையின்றி எடுப்பது தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் பூட்டின் சுமை யார் தலையில் விழுந்தது? பணம் கொடுத்தவர் சாவியைச் சுமந்து திரிந்தார். அது தொலைந்தால் உரிமத்துக்கு அலைந்தார். திருட்டுப் பிரதி வைத்திருந்தவருக்கு அந்தக் கவலையே இல்லை.

சி-லேப்பின் வழிவந்த இமேஜிக் நிறுவனத்தை 2002-இல் வாங்கிய ஆப்பிள், 2007-இல் லாஜிக் மென்பொருளின் 8-ஆம் பதிப்பில் சாவியைக் கைவிட்டது. விலையையும் 999 டாலரிலிருந்து 499 டாலராகக் குறைத்தது. வினாம்ப்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கலின் ரீப்பர் இன்னும் ஒருபடி மேலே சென்றது. 60 நாள் சோதனைக் காலம் முடிந்தபின் பணம் செலுத்துமாறு அது நினைவூட்டும். ஆனால் இயங்குவதை நிறுத்தாது.

ஸ்டெயின்பெர்க் 2022-இல் கியூபேஸ் 12 முதல் யுஎஸ்பி சாவியை விட்டது. பழைய சாவிகளுக்கான உரிமச் சேவை 2025 மே 20 அன்று மூடப்பட்டது. கையிலுள்ள சாவி பழுதாகாத வரை பழைய பதிப்பு இயங்கும். பழுதானால் அதிலுள்ள உரிமத்தை வேறு சாவிக்கு மாற்ற வழியில்லை. அட்டாரி காலப் பதிப்புகளை இன்றைய கணினியில் எமுலேட்டர் வழியே இயக்க விரும்புவோருக்குச் சாவியைச் செருகத் துளையே இல்லை. முறையாக விலை கொடுத்து வாங்கியவர்கூடத் தம் பழைய பாடல்களைத் திறக்கப் பெரும்பாலும் பூட்டு உடைக்கப்பட்ட பிரதியையே தேட வேண்டியுள்ளது.