பூச்சியமும் வெறுங்கட்டமும்: குடிசன மதிப்பீட்டை விக்கிக்குக் கொண்டுவந்த கதை

"2001இல யாழ்ப்பாணத்தில ஒருத்தரும் இருக்கேல்லையா?"

எங்கட மாலை வகுப்பில் தரம் 10 படிக்கும் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இது. கணினித் திரையில் அப்படித்தான் இருந்தது. யாழ்ப்பாணம், 2001, குடித்தொகை: 0.

பிழை எங்களுடையது. இலங்கையின் குடிசன மதிப்பீட்டு எண்களை எக்செல் அட்டவணையாக வைத்துத்தான் வரலாறு படிப்பித்து வந்தோம். அட்டவணையைக் காட்டினால் பிள்ளைகள் எண்ணை எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் தனிப் பக்கம் வைத்து, அவற்றை ஒன்றோடொன்று இணைக்க நினைத்தோம். டிட்லிவிக்கியைத் தெரிவு செய்தோம். 2004இல் வந்த மென்பொருள் அது. முழு விக்கியும் ஒரே கோப்புக்குள் இருக்கும், இணையம் தேவையில்லை, பென்டிரைவில் போட்டுக் கொடுக்கலாம். அட்டவணையை ஜேசன் வடிவத்துக்கு மாற்றினால் ஒரு நிரை ஒரு பக்கமாகிவிடும். மாற்றுவதற்கு நாங்கள் எழுதிய சின்ன நிரல்தான் வெறும் கட்டங்களில் எல்லாம் பூச்சியத்தைப் போட்டுவிட்டது.

இப்படி எண்களை விக்கிக்குள் கொண்டுபோனவர்களில் நாங்கள் முதலாவது ஆட்கள் இல்லை. 1890இல் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டை எண்ணுவதற்கு ஹேர்மன் ஹொலரித் துளையட்டை இயந்திரத்தைக் கொடுத்தார். ஆட்களை ஒரே அளவு அட்டையில், ஒரே ஒழுங்கில் பதியும் முறை அங்கே பெரிய அளவில் வந்தது. இன்றைய தரவுத்தளத்தின் மூதாதைகளில் அதுவும் ஒன்று. விக்கி பிறந்தது 1995இல். வோர்ட் கன்னிங்ஹாம் அதற்குப் பெயரெடுத்தது ஹொனலுலு விமானநிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பேருந்திலிருந்து. ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. இந்த இரண்டு வழிகளும் 2002 ஒக்ரோபரில் சந்தித்தன. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு தானியங்கி, 2000ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டிலிருந்து ஏறத்தாழ 30,000 ஊர்களுக்குக் கட்டுரை எழுதிப் போட்டது. எல்லா ஊருக்கும் ஒரே வசனம், எண் மட்டும் வேறு. பிறகு அந்தந்த ஊரை அறிந்தவர்கள் வந்து ஊரின் கதையை எழுதத் தொடங்கினார்கள். எண் முதலில் வந்தது, மனிதர் பின்னால் வந்தார்கள்.

எங்கட எண்களுக்குப் பின்னாலும் மனிதர் இருக்கிறார்கள். அவர்களைத் தேடினபோதுதான் இந்த அட்டவணை எத்தனை விசயத்தை மறைக்கிறது என்று விளங்கியது.

முதலில் ஆண்டு. இலங்கையில் முதல் நவீன குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. அதன்பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்து வந்தது. 1931இல் பொருளாதார மந்தத்தால் அதைச் சுருக்கிவிட்டார்கள். 1941இல் நடக்கவேண்டியது உலகப்போரால் 1946க்குப் போனது. 1981க்குப் பிறகு 1991இல் நடக்கவே இல்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டும்தான் முழுமையாக எண்ண முடிந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய ஏழும் விடுபட்டன. முழு நாட்டையும் மறுபடி எண்ணியது 2012இல். இடையில் 31 வருசம். வரைபு கீறச் சொன்னால் கணினி 1981இலிருந்து 2012க்கு ஒரு நேர்கோடு இழுத்துவிடும். ஒரு யுத்தம் முழுக்க அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடும்.

அடுத்தது எல்லை. 1981இல் யாழ் மாவட்டத்தில் 830,552 பேர். 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரத்துச் சொச்சம். பார்த்தவுடன் இரண்டரை இலட்சம் பேரைக் காணவில்லை என்று தோன்றும். ஆனால் 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இன்றைய யாழ் எல்லைக்குள் 1981இல் இருந்தவர்கள் 738,788 பேர். அப்படிப் பார்த்தாலும் குறைவு ஒன்றரை இலட்சத்துக்கு மேல். பெயர் ஒன்று, நிலம் வேறு. இதைச் சொல்லாமல் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இழப்பைப் பெரிதாக்கிக் காட்டுகிறோம். எல்லையைத் திருத்தியதோடு நிறுத்தினாலோ மிச்ச இழப்பின் காரணத்தைச் சொல்லாமல் விடுகிறோம்.

அந்த இழப்புக்குள் எல்லோரும் ஒரே காரணத்தால் போனவர்கள் அல்லர். போரில் இறந்தவர்கள், கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்களும் இருக்கிறார்கள். வடக்கு முழுவதிலும் அவர்கள் 70,000க்கு மேற்பட்டவர்கள். எண்ணாத 1991க்கு ஒரு வருசம் முன்னால் நடந்ததால், அது தனியாக எந்த நிரையிலும் தெரியாது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாங்கள் வரலாறு படிப்பிக்கும்போது அந்த நிரையின் பின்னால் ஒளிந்துகொள்வது எங்களுக்கும் சுகமாகத்தான் இருக்கும். அதனாலேயே அதற்குத் தனிப் பக்கம் திறந்தோம்.

மூன்றாவது, நிரலின் தலைப்பு. 1911இலிருந்துதான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு நிரல் வந்தது. 1971இல் இந்தியத் தமிழர் 11 இலட்சத்து 75 ஆயிரம் அளவில். 1981இல் 8 இலட்சத்து 19 ஆயிரம். அதே பத்து வருசத்தில் இலங்கைத் தமிழர் தொகை ஏறத்தாழ 32 வீதம் கூடியது. நாட்டின் மொத்தத் தொகை கூடியது 17 வீதம்தான். ஒரு காரணம் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு அரசும் பேசி முடித்தன. கனபேர் கப்பலேறினார்கள். மற்றக் காரணம், இங்கேயே இருந்த கணிசமானோர் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்தது. ஒருவர் நாட்டை விட்டுப் போனார், இன்னொருவர் நிரலை விட்டுப் போனார். அட்டவணையில் இரண்டும் ஒரே கழித்தல்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, இடமாற்றும் வேலையைத் திருப்பித் தொடங்கினோம். இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் எண்ணோடு மூன்று புலங்கள் இருக்கின்றன. ஒன்று, நிலை: எண்ணப்பட்டது, மதிப்பிடப்பட்டது, எண்ணப்படவில்லை. இரண்டு, எந்த எல்லை. மூன்று, அந்த ஆண்டில் அச்சான தலைப்பு. தலைப்பை இன்றைய சொல்லுக்கு மாற்றுவதில்லை. வெறுங்கட்டம் வெறுங்கட்டமாகவே இருக்கும், ஏன் வெறுமை என்பதைப் பக்கத்தின் உடலில் எழுத வேண்டும். எண்ணைப் புலத்தில் வைத்ததால் ஒப்பிடலாம், வரிசைப்படுத்தலாம். காரணத்தை வசனமாக வைத்ததால் மறுத்துக் கதைக்கலாம். வரலாற்று வகுப்புக்கு இரண்டும் வேணும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் கொடுத்தோம். 1981இல் உங்கட வீட்டில் எத்தனை பேர், 2012இல் எத்தனை பேர், இடையில் என்ன நடந்தது என்று வீட்டில் கேட்டு எழுதுங்கோ. வந்த பக்கங்களில் சில அரை வசனத்தோடு நின்றன. வீட்டில் சொல்ல விரும்பாததைத் தோண்டச் சொல்லவில்லை. இந்த விக்கி இணையத்தில் ஏறாமல் பென்டிரைவில் மட்டும் இருப்பதற்கும் காரணம் அதுதான். குடும்பத்தின் கதை குடும்பத்துக்குச் சொந்தம்.

'யாழ்ப்பாணம், 2001' என்ற பக்கத்தில் இப்போது எண் இல்லை. நிலை என்ற இடத்தில் 'எண்ணப்படவில்லை' என்று இருக்கிறது. அதற்குக் கீழே, கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை எழுதிய ஒரு வரி: "ஆக்கள் இருந்தவை. எங்கட அம்மா இருந்தவ."