மியூனிக் நகரில் எரிந்த எலும்புகள்

ஒரு விலங்கினத்துக்குப் பெயர் சூட்டும் விஞ்ஞானி, அப்பெயருக்குச் சான்றாக ஓர் உடலையோ எலும்பையோ நூதனசாலையில் வைப்பது மரபு. பின்னாளில் ஐயம் எழுந்தால் எவரும் சென்று பார்த்துத் தெளியலாம். மூலமாதிரி என்பது அதன் பெயர். அம்மாதிரி அழிந்துபோனால் என் செய்வது? நேயர்களே, இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட மீனுண்ணும் டைனோசர்களின் வரலாற்றிலே இவ்வினா உண்மையாகவே எழுந்தது.

எகிப்தின் மேற்குப் பாலைவனத்திலே பஹரியா என்றொரு பசுஞ்சோலை உண்டு. 1912ஆம் ஆண்டில் அங்கே ரிச்சார்ட் மார்க்கிராவ் என்பவர் விந்தையான சில எலும்புகளை அகழ்ந்தெடுத்தார். அவர் யாருக்காக உழைத்தாரோ அந்த ஜேர்மன் அறிஞர் ஏர்ண்ஸ்ட் ஸ்ட்ரோமரிடம், மியூனிக் நகருக்கு, அவை போய்ச் சேர்ந்தன. முதுகெலும்பிலிருந்து மேனோக்கி எழுந்த முட்களுள் நீண்டது 1.65 மீற்றர், ஏறக்குறைய ஓர் ஆளின் உயரம். இருகாலில் நடந்த ஊனுண்ணி டைனோசர்களைத் தெரோபோடா என்னும் பிரிவில் அடக்குவர். அப்பிரிவினவற்றின் பற்கள் பெரும்பாலும் கத்திபோல் தட்டையாய் வளைந்திருக்கும். இதன் பற்களோ முதலைப் பற்கள்போலக் கூம்பாய் நிமிர்ந்திருந்தன. 1915இல் ஸ்ட்ரோமர் இதற்கு ஸ்பைனோசோரஸ் என்று பெயரிட்டார். இதற்கெனத் தனியொரு குடும்பத்தையும் வகுத்தார். எலும்புகளை நுணுக்கமாக வரைவித்து, அளவுகளோடு அச்சிட்டார். அந்தப் பொறுமைக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டவர்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஸ்ட்ரோமர் நாற்சி ஆட்சியைக் கண்டித்தவர். சேகரிப்புக்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுமாறு அவர் வேண்டியதற்கு நூதனசாலைத் தலைமை இணங்கவில்லை. 1944 ஏப்ரல் 24ஆந் திகதி இரவு பிரித்தானிய விமானங்கள் மியூனிக் மீது குண்டு வீசின. நூதனசாலை எரிந்தது, ஸ்பைனோசோரசும் அதனோடு எரிந்தது. அப்போரிலே தம் புதல்வர் மூவருள் இருவரையும் ஸ்ட்ரோமர் பறிகொடுத்தார். 1952இல் அவர் மறைந்தபோது, அவ்விலங்குக்கு எஞ்சியிருந்தவை அவருடைய எழுத்தும் படங்களுமே.

1983ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில், செங்கல்லுக்குக் களிமண் வெட்டும் குழியொன்றிலே வில்லியம் வோக்கர் என்பவர் பெரிய நகமொன்றைக் கண்டார். அவர் பேராசிரியரல்லர், நீர்க்குழாய் பொருத்துந் தொழிலாளர். உயிர்ச்சுவடு தேடுவது அவருடைய பொழுதுபோக்கு. நகத்தின் நீளம் வளைவின் வழியே 31 சென்ரிமீற்றர். இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையினர் அவ்விடத்தை அகழ்ந்து எலும்புக்கூட்டின் பெரும்பகுதியை மீட்டனர். அதன் வயிற்றுப் பகுதியிலே இரைப்பை அமிலம் அரித்த மீன் செதில்கள் கிடந்தன. இவ்வினத்தார் மீன் தின்றதற்கு இதனினும் நேரான சான்று வேண்டுமோ? இளம் இகுவானோடன் ஒன்றின் எலும்புகளும் கூடவே கிடைத்தமையால், மீன் மட்டுமே உணவென்று சாதிப்பதற்கில்லை.

1986இல் அலன் சாரிக், அஞ்செலா மில்னர் இருவரும் இதற்குப் பரியோனிக்ஸ் என்று பெயரிட்டனர். கனத்த நகம் என்பது பொருள். ஆனால் அவர்களும் இதற்குப் புதுக்குடும்பமே வகுத்தனர். எகிப்திய விலங்கோடு உறவு தெளிவானது பின்னர்தான். மொறோக்கோவில் கிடைத்த மேற்றாடைத் துண்டொன்றைக் கொண்டு 1989இல் எரிக் புவ்பெத்தோ என்ற பிரெஞ்சு அறிஞர் இவ்விரண்டும் உறவினவே என எடுத்துரைத்தார். 1998இல் போல் செறினோ குழுவினர் நைஜர் நாட்டிலிருந்து சூக்கோமிமஸ் என்னும் விலங்கை வெளிப்படுத்தி, ஒரே குடும்பத்தின் இரு கிளைகளாக இவற்றை ஒழுங்குபடுத்தினர். பல்லின் ஓரத்தில் நுண்ணிய அரப்பற்கள் உடையவை பரியோனிக்ஸ் கிளை; அவை அற்றவை ஸ்பைனோசோரஸ் கிளை. ஒரு வேடிக்கை: 1841இலேயே றிச்சார்ட் ஓவன் ஆங்கிலப் பல்லொன்றுக்கு சூக்கோசோரஸ் என்று பெயரிட்டு, முதலையினுடையதென எழுதிவைத்திருந்தார். அது பரியோனிக்சின் பல்லை ஒத்ததென்பது வெகுகாலத்தின் பின்பே உணரப்பட்டது.

2000ஆம் ஆண்டில், ஸ்ட்ரோமர் குடும்பத்தார் கையளித்த ஆவணங்களிடையே, எரிந்துபோன எலும்புகளின் நிழற்படங்கள் இரண்டு வெளிப்பட்டன. 2014இல் நிசார் இப்ராஹிம் குழுவினர் மொறோக்கோ எலும்புக்கூடொன்றை அறிவித்து, அழிந்த மூலமாதிரியின் இடத்தில் அதனை வைக்க முன்மொழிந்தனர். 2020இல் அதன் துடுப்புப் போன்ற வாலும் வெளியாயிற்று. இவ்விலங்கு நீந்தி மீன் பிடித்ததா, கொக்கைப்போல் கரையோரத்தில் நின்று பிடித்ததா என்பதில் அறிஞர் இன்னும் உடன்படவில்லை. புதிய எலும்புக்கூடு எகிப்திய விலங்கின் இனமே என்பதையும் எல்லோரும் ஏற்கவில்லை. அவ்வழக்கிலே இரு தரப்பாரும் புரட்டுவது 1915இல் ஸ்ட்ரோமர் அச்சிட்ட அதே ஏட்டைத்தான்.