சின்ன இங்கிலாந்தும் லயன் அறைகளும்

ஐரோப்பிய நகரொன்றின் பழைமையான கட்டடங்களைக் காண ராகலை மக்கள் கடல் கடக்க வேண்டியதில்லை. கந்தப்பளை வழியாகப் பேருந்தில் சென்றால் 'சின்ன இங்கிலாந்து' என வெள்ளையர் கொண்டாடிய நுவரெலியா வந்துவிடும்.

1819 இல் டாக்டர் ஜோன் டேவி இப்பகுதியைப் பற்றி ஆங்கிலேயருக்கு அறிவித்தார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இங்கு ஓய்வு மாளிகை எழுப்பினார். அதுவே பின்னர் கிராண்ட் ஹோட்டல் ஆயிற்று. 1848 இல் சாமுவேல் பேக்கர் தம் நாட்டு ஆட்களையும் கால்நடைகளையும் கொண்டுவந்து, இங்கிலாந்துக் கிராமமொன்றையே உருவாக்க முயன்றார். பரிசுத்த திரித்துவ தேவாலயம் 1852 இலும், ஹில் கிளப் 1876 இலும் தோன்றின. 1894 இல் கட்டப்பட்ட செங்கல் தபாலகம் இன்றும் கடிதங்களை ஏற்றுக்கொண்டு நிற்கின்றது.

இவற்றுக்கெல்லாம் பொருள் ஈட்டித் தந்தவை முதலில் கோப்பியும், பின்னர் தேயிலையும். அவற்றைப் பயிரிட்டவர்கள் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளூடாக மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோர். வழியில் மாண்டோர் பலர். தேயிலையை ஏற்றிச்செல்ல நானுஓயாவிலிருந்து சிறிய புகையிரதப் பாதையொன்று 1903 இல் நுவரெலியா வரையும், 1904 இல் ராகலை வரையும் நீண்டது. 1940களில் அது மூடப்பட்டது.

அதே காலத்தில், அதே துரைமார் கட்டிய இன்னொரு வகைக் கட்டடமும் உண்டு. அதுதான் லயன். சுமார் 10 அடிக்கு 12 அடி கொண்ட ஓர் அறை, முன்னால் ஒடுங்கிய திண்ணை. ஒரு குடும்பத்துக்கு அவ்வளவே. தபாலகத்தைப் பார்த்துப் படம் எடுப்போர், அதன் வயதையொத்த லயன்களைப் பேருந்துச் சாளரத்தினூடே கடந்துபோகின்றனர்.

இரண்டும் நிலைத்திருக்கின்றன, ஆனால் காரணம் வேறு. தபாலகம் நேசத்தால் நிலைத்தது. அதனை உல்லாச விடுதிக்கு வழங்கும் திட்டத்தை எதிர்த்து 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினர். லயன்களோ புறக்கணிப்பால் நிலைத்தன. அங்கு தலைமுறைகளாக வாழ்வோரில் பெரும்பாலானோருக்குக் குடியிருக்கும் நிலத்தின்மீது உறுதிப்பத்திரம் இல்லை.

கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் லயனொன்று 2007 இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாயிற்று. அங்கே பழைய பாத்திரங்களையும் கருவிகளையும் காணலாம். அது நல்ல முன்மாதிரி.

பழைய கட்டடங்களைப் பேணுவது பண்பட்ட சமூகத்தின் அடையாளம் என்பதில் எனக்கு ஐயமில்லை. நுவரெலியாவின் தபாலகம் அப்படியே இருக்கட்டும். லயன்களிலும் சிலவற்றை வரலாற்றுக்காகக் காப்போம். ஆனால் அவற்றுள் மனிதர் வாழும் நிலை முடிய வேண்டும். எஞ்சியோர் தம் பெயரில் உறுதியுள்ள சொந்த வீட்டுக்குக் குடிபெயர்ந்த பின்னரே, லயன் நமக்கு வரலாறாகும். அதுவரை அது நடப்புச் செய்தியே.