பீரிஸ், ஜீ. எல்.

சட்டப் பேராசிரியராக இருந்து இலங்கையின் வெளிவிவகார அமைச்சரானவர் (2010–2015, 2021–2022). 1946இல் பிறந்தார். ரோட்ஸ் புலமைப்பரிசிலில் ஒக்ஸ்ஃபோர்ட் சென்றவர். கொழும்புப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவியிலிருந்து 1994இல் தேசியப் பட்டியல் வழியாகப் பாராளுமன்றம் புகுந்தார். அரசியல் இவருடைய புலமையைக் கெடுத்துவிட்டது என்பார்கள். அது பாதி உண்மைதான். புலமை கெடவில்லை, கட்சிக்காரர்தான் மாறிக்கொண்டிருந்தார். வழக்கறிஞர் மொழியிலும் அரசியல் மொழியிலும் ‘கட்சிக்காரர்’ என்ற சொல் பொருந்துவது தற்செயல். சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வத்துடன் சேர்ந்து அதிகாரப் பரவலாக்கல் யோசனைகளை வரைந்தார். அவற்றின் தொடர்ச்சியான அரசியலமைப்புச் சட்டமூலத்தை 2000 ஆகஸ்ட்டில் சபைக்குள்ளேயே எரித்தது ஐக்கிய தேசியக் கட்சி. மறு ஆண்டு அவர் சேர்ந்ததும் அதே கட்சியில்தான். 2002இல் தாய்லாந்தில் நடந்த சமாதானப் பேச்சில் விடுதலைப் புலிகளின் அன்டன் பாலசிங்கத்துக்கு எதிரே அரசுக் குழுவின் தலைவராக அமர்ந்தார். 2007இல் மஹிந்த ராஜபக்ஷவிடம் போனார். ஜனாதிபதி பதவிக்கால வரம்பை நீக்கிய 18ஆம் திருத்தத்தை 2010இல் ஆதரித்தார்.

வெளிவிவகார அமைச்சராக அவர் ஜெனீவாவுக்கு, ஐ.நா. மனித உரிமைகள் பேரவைக்கு, எடுத்துச்சென்ற வாதம், போர்க்கால மீறல்களுக்கு உள்நாட்டு விசாரணையே போதும் என்பது. அதை உரைத்துப் பார்க்க இறுதிப்போர் நடந்த வன்னிக்குப் போகவேண்டியதில்லை, மாத்தளை போதும். 2012 இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளவில் உயிரிவாயுத் தொட்டிக்கு மண் வெட்டியபோது எலும்புகள் கிளம்பின. 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள். தொல்லியலாளர் ராஜ் சோமதேவ 1986–1990 காலம் என்றார். அமெரிக்க ஆய்வுகூடமொன்று 1950க்கு முந்தியவை என்றது. ஜே.வி.பி. கிளர்ச்சிக்காலச் சந்தேகம் சூழ்ந்த இக்குழியில் புலம்பெயர் தமிழரின் சதி என்று சொல்ல இடமே இல்லை. ஆணைக்குழு அமைந்தும் எவரும் தண்டனை பெறவில்லை. மனித உரிமைகள் பேரவையில் இலங்கைக்கு எதிரான தீர்மானம் 2012இல் 24–15, 2013இல் 25–13, 2014இல் 23–12 என நிறைவேறியது. வாதம் சொற்சுத்தமாகத்தான் இருந்தது. பின்னால் நிற்கச் செயல் இல்லை.

அமைச்சரவையின் கூட்டுப்பொறுப்பில் தனியொருவர் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஜனாதிபதி மாளிகையே முடிவெடுத்த காலம் அது. ஆனால் விலகி நிற்க முடியாதவரல்ல இவர். 2022 ஜூலையில், தம் கட்சியின் பெரும்பான்மை ரணில் விக்கிரமசிங்கவின் பக்கம் நின்றபோது, ஜனாதிபதிப் பதவிக்கு அதே கட்சியின் டலஸ் அழகப்பெருமவின் பெயரை வழிமொழிந்தார். டலஸ் 82–134 எனத் தோற்றார். வெளிவிவகார அமைச்சு அலி சப்ரியிடம் போனது.